போலந்தின் ஆப்பிள் மாவட்டம் குரூயெட்ஸ்: அது யாருடைய தோட்டம்?

முதல் கேள்வி, 8 அக்டோபர் 2023

எங்கள் ஊர்ப் பழக்கடையில் போலந்து ஆப்பிள் வந்திருக்கிறது. பெட்டியில் ஏதோ ஒரு மாவட்டத்தின் பெயர், கடைக்காரருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. கம்யூனிச ஆட்சி விட்டுப்போன பெரிய அரசுப் பண்ணைகளில் இயந்திரம் வைத்து விளைவிப்பதால்தான் இவ்வளவு தூரம் வந்தும் கட்டுப்படியாகிறது என்று நினைக்கிறேன். அங்கே இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

9 அக்டோபர் 2023

அந்த மாவட்டத்தில்தான் ஆறு வருஷமாக இருக்கிறேன். குளிர்பதனக் கிடங்கில் வேலை. அதற்கு முன் மூன்று பருவம் தோட்டத்தில் ஆப்பிள் பறித்தேன். உங்கள் கணிப்பு தலைகீழ். இங்கே அரசுப் பண்ணை கிடையாது. எல்லாம் குடும்பத் தோட்டங்கள். ஐந்து ஹெக்டேர், பத்து ஹெக்டேர், அப்பனுக்குப் பிறகு மகன்.

பெயர் குரூயெட்ஸ். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'குரோஜெக்' என்று வரும், இங்கே யாருக்கும் புரியாது. வார்சாவுக்குத் தெற்கே 40 கிலோமீட்டர். மசோவியா மாகாணத்தின் ஒரு மாவட்டம். போலந்தில் மாகாணம் 16. அதற்குக் கீழே 'போவியாத்', அதை மாவட்டம் என்றே சொல்கிறேன். அதற்கும் கீழே 'க்மினா', நம் ஊராட்சி ஒன்றியம் மாதிரி. குரூயெட்ஸ் மாவட்டத்தில் பத்து க்மினா. பரப்பு சுமார் 1,270 சதுர கிலோமீட்டர், ஜனம் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

பறிக்க இயந்திரமும் கிடையாது. கைதான். இப்போது அக்டோபர், இதரெட், லிகோல் என்கிற ஆப்பிள் ரகங்களைப் பறிக்கிற சமயம். மீதி ராத்திரி.

9 அக்டோபர் 2023, இரவு

நிலம் எப்படி என்று கேட்டிருந்தார் இன்னொருவர். மலை இல்லை. பனிக்கட்டி யுகத்தில் பனிப்பாறைகள் இழுத்துவந்து கொட்டிய மண், மணலும் களியும் கலந்தது, லேசாக ஏறி இறங்கும் சமவெளி. கிழக்கு எல்லையில் விஸ்வா ஆறு (விஸ்துலா என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்), தெற்கில் பிலிட்சா. பிலிட்சா வார்கா ஊரைத் தாண்டி விஸ்வாவில் சேர்கிறது. மழை ரொம்பக் கம்மி, வருஷத்துக்கு 500, 600 மில்லிமீட்டர். கோதுமை, ரை விதைத்தால் சுமாராக வரும். ஆப்பிள் மட்டும் ஏன் இப்படி வருகிறது?

காரணம் ராத்திரி. செப்டம்பர் கடைசியில் பகல் வெயில் இதமாக இருக்கும், ராத்திரி ஐந்து டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் தோலில் சிவப்பு ஏறுகிறது, புளிப்பு குறையாமல் நிற்கிறது. சூடான நாட்டு ஆப்பிள் வெறும் இனிப்பாகப் போவதற்கும் இதுக்கும் வித்தியாசம் நாக்கில் தெரியும். இதை வைத்துத்தான் 'குரூயெட்ஸ் ஆப்பிள்' என்ற பெயருக்கு 2011ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. மாவட்டமும் ஒட்டியிருக்கிற சில க்மினாக்களும் அதில் அடங்கும்.

மே முதல் வாரத்தில் பெல்ஸ்க் டூஷி பக்கம் சைக்கிளில் போனால் இரண்டு புறமும் கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. 'ஐரோப்பாவின் மிகப் பெரிய பழத்தோட்டம்' என்று இவர்கள் பெருமையாகச் சொல்வதை முதல் வருஷம் நான் நம்பவில்லை. அந்த வழியாகப் போன பிறகு நம்பினேன்.

12 அக்டோபர் 2023

கம்யூனிச நாட்டில் எப்படித் தனியார் தோட்டம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

போலந்தில் கூட்டுப் பண்ணை எடுபடவில்லை. 1950களின் தொடக்கத்தில் வற்புறுத்தினார்கள். 1956ல் ஆட்சியில் மாற்றம் வந்ததும் பெரும்பாலான கூட்டுப் பண்ணைகள் தாமாகவே கலைந்தன. அதற்குப் பிறகு கடைசி வரை விளைநிலத்தின் பெரும்பகுதி விவசாயி கையில்தான். அரசுப் பண்ணைகள் இருந்தன, ஆனால் அவை அதிகம் மேற்கிலும் வடக்கிலும், போருக்குப் பிறகு ஜெர்மனியிடமிருந்து வந்த நிலத்தில். குரூயெட்ஸ் பக்கம் நிலம் ஏற்கனவே சிறு விவசாயிகளுக்குப் பங்கானது.

நான் குடியிருக்கிற வீட்டுக்காரப் பாட்டிக்கு 78 வயது. 1970களில் ஆப்பிள் காசில் கட்டிய இரண்டு மாடி வீடு. அந்தக் காலத்தில் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் இவர்களைப் பணக்காரர்கள் என்று பொறாமைப்படுவார்களாம். அரசு கொள்முதல் நிலையம் எடுத்தது போக மிச்சத்தை ராத்திரியோடு ராத்திரியாக வார்சா சந்தைக்குக் கொண்டுபோவார்கள். காலையில் திரும்பும்போது கையில் காசு. பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போது கைகளைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

12 அக்டோபர் 2023, தொடர்ச்சி

ஒருவர் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஷ்செபான் பியெனியோன்ஷெக். அவர் இல்லாவிட்டால் இந்த மாவட்டம் இப்படி இருந்திருக்காது. 1938ல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், போர் வந்ததால் அங்கேயே தங்கி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். 1946ல் இடிந்து கிடந்த நாட்டுக்குத் திரும்பி வந்தார். 1951ல் ஸ்கியெர்னியெவிட்சே ஊரில் பழத்தோட்ட ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். இங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரப் பயணம்.

அவரும் அவர் மாணவர்களும் கொண்டுவந்ததில் முக்கியம், குட்டை மரம். பழைய மரத்துக்கு ஏணி வேண்டும், காய்க்க எட்டு பத்து வருஷம். குட்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினால் மூன்றாம் வருஷமே காய், நின்றபடியே பறிக்கலாம், ஒரு ஹெக்டேரில் 3,000 மரம் நிற்கும். இங்கிலாந்தின் குட்டை வேர்ச்செடிக்குப் போலந்துக் குளிர் தாங்காது என்பதால் அதை அந்தோனூவ்காவோடு கலந்து புது வேர்ச்செடி உண்டாக்கினார்கள். அந்தோனூவ்கா ரஷ்யப் பக்கத்துப் பழைய ரகம், எந்தக் குளிருக்கும் அசையாது. நான் மேலே சொன்ன லிகோல் ரகமும் அந்த நிலையத்தில் பிறந்ததுதான்.

குளிர் என்றால் எப்படிப்பட்ட குளிர்? 1928-29 பனிக்காலத்தில் நாட்டின் தோட்டங்கள் பாதிக்கு மேல் பட்டுப்போயின என்று பாட்டியின் அப்பா சொல்வாராம். 1939-40ல் மறுபடி. 1987 ஜனவரியைப் பாட்டியே பார்த்தார். மரப்பட்டை வெடிக்கிற சத்தம் ராத்திரியில் துப்பாக்கிச் சத்தம் மாதிரி கேட்டது என்றார்.

15 அக்டோபர் 2023

இன்று போலந்தில் நாடாளுமன்றத் தேர்தல். வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இவ்வளவு நீண்ட வரிசையை நான் பார்த்ததில்லை. அரசியல் வேண்டாம், மாவட்ட வரலாற்றுக்கு வருகிறேன்.

மசோவியா 1526 வரை தனிக் குறுநிலம். அந்த வம்சம் அற்றுப்போனதும் போலந்து முடியோடு சேர்ந்தது. இத்தாலியிலிருந்து வாழ வந்த ராணி போனா ஸ்ஃபோர்சா இந்தப் பக்கம் தோட்டக்கலையை ஆதரித்தார் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சேதி. மன்னருக்கே துணிந்து புத்தி சொன்ன பிரசங்கி பியோத்ர் ஸ்கார்கா குரூயெட்ஸில் 1536ல் பிறந்தவர். வார்காவில் 1656 ஏப்ரல் 7ம் தேதி போலந்துத் தளபதி ஸ்டெஃபான் சார்னியெட்ஸ்கி சுவீடன் படையை முறியடித்தார். அமெரிக்க விடுதலைப் போரில் குதிரைப்படை நடத்தி 1779ல் சவானாவில் உயிர்விட்ட கசிமியெஷ் புவாஸ்கியும் வார்காக்காரர், அங்கே பிறந்தவர். அவர் குடும்ப மாளிகை இன்று அருங்காட்சியகம்.

1795க்குப் பிறகு போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. முதலில் பிரஷ்யா, பிறகு நெப்போலியன் உண்டாக்கிய 'வார்சா டச்சி' என்ற சிற்றரசு, 1815 முதல் ரஷ்ய ஜார். 1864ல் ஜார் போட்ட அரசாணையால், பண்ணையார் நிலத்தில் உழுதுவந்த குடியானவர்களுக்கு அந்த நிலம் சொந்தமானது. இன்றைய குடும்பத் தோட்டங்களின் வேர் அந்த வருஷத்தில் இருக்கிறது.

17 அக்டோபர் 2023

திருத்தம். புவாஸ்கி பிறந்தது வார்சாவில் என்று ஒருவர் சொன்னது சரி. 1745 மார்ச் தேதியிட்ட ஞானஸ்நானப் பதிவு வார்சாவில் கிடைத்திருக்கிறது. வளர்ந்தது, குடும்பச் சொத்து, எல்லாம் வார்கா. அவசரத்தில் எழுதிவிட்டேன்.

2 நவம்பர் 2023

நேற்று சகல புனிதர் நாள். நாடு முழுக்கக் கல்லறைக்குப் போவார்கள், செவ்வந்திப் பூச்சட்டியும் கண்ணாடிக் குடுவையில் மெழுகுவத்தியும். பாட்டியோடு நானும் போனேன். திரும்பும் வழியில் ஊர் ஓரத்தில் இன்னொரு கல்லறை, அங்கே விளக்கு ஒன்றிரண்டுதான். யூதர்களுடையது.

இதை எழுதாமல் மாவட்டத்தின் கதையைச் சொல்ல முடியாது. போருக்கு முன் குரூயெட்ஸ் ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் யூதர்கள். அவர்கள் மொழியில் ஊரின் பெயர் கிரிட்சே. பக்கத்து ஊரான மொகியெல்நிட்சாவில், ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் பெயர்பெற்ற குருபீடம் இருந்தது. பழ வியாபாரத்தில் அவர்கள் கை பெரியது. நம் ஊரில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விடுவார்களே, அதேதான். பூத்திருக்கும்போதே மதிப்புப் போட்டு யூதக் குத்தகைக்காரர் தோட்டக்காரருக்குப் பணம் கொடுத்துவிடுவார். கோடை முழுக்கக் குடும்பத்தோடு தோட்டத்தில் குடிசை போட்டுக் காவல் இருந்து, பறித்து, வண்டி கட்டி வார்சாவுக்கு அனுப்புவார். உறைபனி விழுந்தால், ஆலங்கட்டி மழை அடித்தால், நட்டம் அவருக்கு.

1941 பிப்ரவரியில் நாஜிகள் குரூயெட்ஸ் யூதர்களை வார்சா கெட்டோவுக்கு, அதாவது யூதர்களை அடைத்துவைத்த பகுதிக்கு, விரட்டினார்கள். அடுத்த வருஷக் கோடையில் கெட்டோவிலிருந்து ட்ரெப்லிங்கா கொலை முகாமுக்கு ரயில்கள் போயின.

தோட்டங்கள் இருந்தன, பூத்தன. பாட்டி போருக்குப் பிறகு பிறந்தவர், ஆனால் அவர் அம்மா ஒரு குத்தகைக்காரக் குடும்பத்துப் பெண்ணோடு விளையாடி வளர்ந்தவராம். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார் என்றார். கல்லறை வாசலில் பாட்டி ஒரு விளக்கு வைத்தார். நானும் வைத்தேன்.

5 நவம்பர் 2023

ரயில் கேட்டவருக்கு. உண்டு, மீட்டர் கேஜ்! வார்சாவில் தொடங்கி 1898ல் பியாசெச்னோ வந்த குறுகிய பாதை, 1914ல் குரூயெட்ஸ் தொட்டது. பிறகு மொகியெல்நிட்சா வழியாகப் பிலிட்சாக் கரையில் உள்ள நோவே மியாஸ்தோ வரை நீண்டது. ஆளும் போனார்கள், ஆப்பிளும் போனது. இப்போது பியாசெச்னோவிலிருந்து தார்ச்சின் வரை ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணம் மட்டும். எங்கள் அப்பா மீட்டர் கேஜ் காலத்து ரயில்வே ஊழியர். படம் அனுப்பினேன், தண்டவாளத்தின் அகலத்தைப் பார்த்துவிட்டு உடனே போன் போட்டுவிட்டார்.

24 நவம்பர் 2023

ரஷ்யத் தடை பற்றி எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் வருவதற்கு முன் நடந்தது. ஆனால் இங்கே யாரிடம் பேசினாலும் பேச்சு 'தடைக்கு முன், தடைக்குப் பின்' என்றுதான் போகும்.

போலந்தின் ஆப்பிள் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் ரஷ்யா எடுத்துக்கொண்டிருந்தது. ரஷ்யர்களுக்குப் பெரிய, சிவந்த இதரெட் பிடிக்கும், ஆகவே எல்லோரும் இதரெட் நட்டார்கள். 2014 ஆகஸ்டில் கதவு மூடியது. அறுவடைக்கு ஒரு மாதம் இருந்தது. மரத்தில் காய் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. வார்சாவில் ஒரு பத்திரிகையாளர், புதினுக்குப் பதிலடியாக ஆப்பிள் சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டார். ஜனங்கள் வீதியில் ஆப்பிளைக் கடித்துப் படம் எடுத்துப் போட்டார்கள். சைடர் என்கிற ஆப்பிள் மது அந்த வருஷம் திடீரென்று பிரபலமானது. நல்ல மனசு. ஆனால் பல லட்சம் டன்னை ஒரு நாடு கடித்துத் தீர்க்க முடியாது.

அதன் பிறகுதான் எகிப்து, வளைகுடா, இந்தியா என்று தேடிப் போனார்கள். உங்கள் ஊர்ப் பழக்கடைக்கு அந்தப் பெட்டி வந்ததன் காரணம் இதுதான். இந்தியச் சந்தை போலந்து ஆப்பிளுக்குத் திறந்தது 2017ல்.

26 நவம்பர் 2023

இன்னொரு திருத்தம் வந்திருக்கிறது, ஏற்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான தடை ஆகஸ்ட் 7. போலந்துப் பழம், காய்கறிக்கு மட்டும் ஒரு வாரம் முன்பே, ஆகஸ்ட் 1ம் தேதியே, தாவர நோய்த் தடுப்பு விதிகளைக் காரணம் காட்டித் தடை வந்துவிட்டது. எங்கள் கிடங்கு மேலாளரிடம் கேட்டேன். எல்லையில் நின்ற லாரிகளைத் திருப்பிக்கொண்டு வந்த நாள் அவருக்கு மணிக்கணக்கோடு நினைவிருக்கிறது.

14 ஜனவரி 2024

வேலை அதிகம், எழுத முடியவில்லை. இந்தியாவுக்குப் போகிற சரக்கு பெரிய சிக்கலில் இருக்கிறது. செங்கடலில் கப்பல்களைத் தாக்குகிறார்கள். அதனால் சூயஸ் வழி போக வேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றன, இரண்டு வாரம் போல கூடுதல். ஆப்பிளுக்கு இரண்டு வாரம் என்பது பெரிய விஷயம். ஏற்கனவே இந்தியாவில் 50 சதவீதம் சுங்கம். போன வருஷம் மே மாதத்திலிருந்து, கப்பல் கூலி சேர்த்துக் கிலோ 50 ரூபாய்க்குக் கீழே விலை வந்தால் இறக்கவே அனுமதி இல்லை. காஷ்மீர், இமாச்சல் விவசாயிகளின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயம்தான். அவர்களும் இங்கே இருப்பவர்களைப் போலத்தான் இருக்கிறார்கள்.

கிடங்கு எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு அறையில் 300 கிலோ கொள்ளும் பெரிய பெட்டிகள் உத்தரம் வரை அடுக்கியிருக்கும். கதவை மூடி, காற்று புகாமல் அடைத்து, உள்ளே ஆக்ஸிஜனைச் சுமார் ஒன்றரை சதவீதத்துக்கு இறக்குவோம். வெப்பம் ஒரு டிகிரி. ஆப்பிள் மூச்சை அடக்கித் தூங்குகிற மாதிரி. அக்டோபரில் பறித்தது அடுத்த ஜூனில் கடித்தாலும் 'கறுக்' என்று இருக்கும். ஆள் தெரியாமல் உள்ளே போனால் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவார். அதனால் சுவரில் கண்ணாடி ஜன்னல், வெளியிலிருந்து டார்ச் அடித்துத்தான் பார்ப்பேன். ஜன்னல் ஓரத்தில் மாதிரிக்கு ஒரு வலைப்பை வைத்திருப்போம், அதிலிருந்து நாலு பழம் எடுத்து அழுத்தமானி வைத்துக் குத்திப் பார்ப்பேன். இரும்பு முனை உள்ளே போகும்போது கையில் தெரியும் எதிர்ப்பை வைத்தே, எண்ணைப் பார்க்குமுன் இன்னும் எத்தனை வாரம் என்று சொல்லிவிட முடிகிறது.

12 பிப்ரவரி 2024

விவசாயிகள் டிராக்டரோடு சாலையில் இருக்கிறார்கள். உக்ரைன் தானியம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பசுமைத் திட்டம் என்று கோரிக்கைகள் பல. ஒருவர் கேட்டார்: 'உலக நாடுகளில் முன்வரிசை ஆப்பிள் விளைச்சல், ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலிடம், புவிசார் குறியீடு, பிறகு என்ன குறை?'

2017ல் பூக்காலத்தில் உறைபனி, நாட்டின் விளைச்சல் சுமார் 24 லட்சம் டன்னுக்குச் சரிந்தது. 2018ல் எல்லா மரமும் ஒன்றாகக் காய்த்தது, ஏறக்குறைய 40 லட்சம் டன், அதுவரை காணாத விளைச்சல். அந்த வருஷம் ஜூஸ் ஆலைக்குப் போன ஆப்பிள் கிலோ 10 குரோஷ் வரை இறங்கியது. போலந்து நாணயமான ஸ்லோட்டியில் பத்தில் ஒரு பங்கு. பறிப்பதற்குக் கொடுக்கிற கூலியே அதற்கு மேல். நிறையப் பேர் பறிக்காமல் விட்டார்கள். ஆப்பிள் மரத்தடியிலேயே அழுகும்போது வரும் அந்தப் புளித்த வாசனை நவம்பர் வரை ஊரில் இருந்தது. அது நான் வந்த புதிது. ஆறு வருஷத்தில் நான் இங்கே கேட்ட முதல் அழுகை அந்த வருஷம், பக்கத்துத் தோட்டக்காரருடையது, கொட்டகைக்குப் பின்னால்.

கவனியுங்கள், ஆப்பிள் சாறைச் சுண்ட வைத்து ஏற்றுமதி செய்வதில் சீனாவைப் போலவே போலந்தும் முன்வரிசை. ஆலைக்குக் குறைவில்லை. ஆனால் அன்றன்றைக்கு விலை சொல்வது ஆலை. ஆயிரக்கணக்கான தோட்டக்காரர்கள் தனித்தனியாக டிராக்டரில் போய் வாசலில் நிற்கிறார்கள். வாசலுக்குப் போன பிறகு விலையைக் குறைத்த கதை என் வீட்டிலேயே உண்டு. பாட்டியின் மகன் காலையில் ஒரு விலை கேட்டுப் போனார், வரிசையில் நாலு மணி நேரம் நின்றார், உள்ளே எடை போடும்போது வேறு விலை. திருப்பிக்கொண்டு வந்தால் டீசல் காசு நட்டம். கொட்டிவிட்டு வந்தார்.

விடை எளிது, எல்லோரும் கூட்டுறவாகச் சேர வேண்டியதுதான் என்பது என் கருத்து.

13 பிப்ரவரி 2024

நேற்று எழுதிய கடைசி வரியைப் பாட்டியிடம் போலிஷில் சொன்னேன். கேட்டுவிட்டு, 'கூட்டுறவு என்ற சொல்லை என் அப்பாவிடம் சொல்லிப் பார்க்க வேண்டும் நீ' என்றார். 1950களில் கூட்டுறவு என்ற பெயரில் கூட்டுப் பண்ணையில் சேரக் கையெழுத்துப் போடச் சொல்லி ராத்திரியில் வீட்டுக்கு வந்து அப்பாவைக் கூட்டிப்போனார்களாம். அவர் போடவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தார், அதன் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இந்த வீட்டில் நிலப்பத்திரம் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

2004ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு 'உற்பத்தியாளர் குழு' என்று வேறு பெயரில் முயன்றார்கள். மானியம் வந்தது, கிடங்குகள் வந்தன, தரம் பிரிக்கும் இயந்திரங்கள் வந்தன. நான் வேலை செய்கிற இடமே அப்படி வந்ததுதான். சில குழுக்கள் நிலைத்தன. சில மானியக் காலம் முடிந்ததும் கலைந்தன.

எனவே 'எளிது' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்ட அதே பிடிவாதத்தால்தான் இந்த மாவட்டம் தோட்டமானது. அதே பிடிவாதம்தான் இன்று ஆலை வாசலில் ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்துகிறது. இதில் யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

3 மார்ச் 2024

'அங்கே பறிக்கிற வேலைக்கு வரலாமா' என்று தனிச்செய்தியில் ஆறேழு பேர் கேட்டிருக்கிறீர்கள். பொதுவில் சொல்கிறேன். பல வருஷமாக இந்த வேலையைத் தாங்கியவர்கள் உக்ரைன்காரர்கள். 2022ல் போர் வந்ததும் ஆண்கள் வருவது குறைந்தது. இப்போது ஆசிய நாட்டவர்களும் வருகிறார்கள். என் முதல் பருவத்தில், ஆள் அனுப்பும் இடைத்தரகர் தங்குமிடத்துக்கும் போக்குவரத்துக்கும் என்று சொல்லிக் கூலியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டார். கையெழுத்துப் போட்ட தாள் போலிஷில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த பிறகுதான் எவ்வளவு போயிற்று என்று புரிந்தது. உங்களுக்குத் தெரிந்த மொழியில் தாள் இல்லாமல் யாரிடமும் கையெழுத்துப் போடாதீர்கள். உரிய அனுமதி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

வேலை கஷ்டம்தான், ஆனால் அழகான வேலை. ஆப்பிளை இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் தாங்கி, மேலே தூக்கி, லேசாகத் திருப்பினால் காம்போடு வரும். காம்பு போனால் தரம் போச்சு. பக்கத்தில் உள்ள மொட்டு உடைந்தால் அடுத்த வருஷக் காய் போச்சு. விரலை அழுத்தினால் அந்த நேரம் தெரியாது, கிடங்கில் ஒரு மாதம் கழித்து ஐந்து விரலும் பழுப்பாகத் தெரியும்.

16 ஏப்ரல் 2024

பயமாக இருக்கிறது. இந்த மாதத் தொடக்கத்தில் கோடை போல வெயில், 28 டிகிரி வரை போனது. மரங்கள் ஏமாந்துவிட்டன. மே மாதம் பூக்க வேண்டியவை இப்போதே பூத்து நிற்கின்றன. வானிலை அறிக்கையில் குளிர் திரும்புகிறது. வீட்டில் யாரும் பேசவில்லை.

23 ஏப்ரல் 2024, அதிகாலை

தூங்கவில்லை. கொட்டகைப் பக்கத்து வெப்பமானி இரண்டு மணிக்கு மைனஸ் 2, நாலு மணிக்கு மைனஸ் 4. முழுப் பூவில் மைனஸ் 2 வரை பெரும்பாலும் தாங்கும். மைனஸ் 4 என்றால் பத்தில் ஒன்று தப்பினால் பெரிது.

தண்ணீர் வசதி உள்ளவர்கள் மரத்தின் மேல் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது வெப்பம் விடும், அதனால் பூவைச் சுற்றி ஐஸ் இருந்தாலும் உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே போகாது. இடையில் தண்ணீர் நின்றால் எல்லாம் போச்சு. எங்களிடம் கிணறு சிறியது. வைக்கோல் கட்டுகளையும் பழைய மரக்கட்டைகளையும் வரிசைக்கு வரிசை வைத்துக் கொளுத்தினோம். பாட்டியின் மகன், மருமகள், நான், பதினோரு வயதுப் பேரன். மாவட்டம் முழுக்கத் தூரத்தில் சின்னச் சின்ன நெருப்பு. விடிந்ததும் மறுபடி எழுதுகிறேன்.

23 ஏப்ரல் 2024, மாலை

பாட்டி ஒரு கிளையை ஒடித்துவந்து சமையல்மேசையில் வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து இதழும் வெள்ளையாக, ஓரத்தில் ரோஜா நிறம், வாசனையும் இருந்தது. கட்டைவிரல் நகத்தால் பூவை நெடுக்காகப் பிளந்து என் பக்கம் திருப்பினார். நடுவில் சூல்முடி பச்சையாக இருக்க வேண்டிய இடத்தில், மிளகு அளவுக்குக் கறுப்பு. அடுத்தது, கறுப்பு. அடுத்தது, கறுப்பு. இருபது பூவைப் பிளந்தார், பச்சை மூன்று. மேசை முழுக்க இதழ். பிறகு எல்லாவற்றையும் கையால் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டார்.

9 ஜூன் 2024

விசாரித்தவர்களுக்கு நன்றி. தாழ்வான பக்கம் உள்ள வரிசைகள் காலி. குளிர்காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தில் தேங்கும் என்பது இதுதான். மேட்டுப் பக்கம் சுமாராகக் காய் இருக்கிறது. காய் இல்லாவிட்டாலும் மருந்து அடிப்பதை நிறுத்த முடியாது. சொறிநோய் இலையில் ஏறினால் அடுத்த வருஷமும் போய்விடும். தேனீக்கு ஆபத்து வராமல் ராத்திரியில்தான் அடிக்கிறார்கள்.

ஒருவர் கேட்டது: 'இவ்வளவுக்கும் பிறகு ஏன் வேறு பயிர் போடவில்லை?' வார்கா பக்கம் செர்ரி உண்டு, ஹினூஃப் பக்கம் வேறு சில பழங்கள். வார்சா நகரம் தெற்கே நீண்டுகொண்டே வருகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் தோட்டத்தை விற்றுச் சரக்குக் கிடங்குக்கு விடுகிறவர்களும் உண்டு. பாட்டியின் மகனிடம் இதையே கேட்டேன். நட்ட மரத்துக்குப் பதினைந்து வருஷம் கணக்கு, போன வருஷம்தான் ஒரு ஹெக்டேர் புதிதாக நட்டேன் என்றார்.

28 செப்டம்பர் 2024

அறுவடை இந்த வருஷம் இரண்டு வாரம் முன்னதாகவே தொடங்கிவிட்டது. நாட்டு அளவில் விளைச்சல் குறைவு, அதனால் விலை நன்றாக ஏறியிருக்கிறது. காய் உள்ளவர்களுக்கு நல்ல வருஷம். நம் வீட்டில் போன வருஷம் 210 பெட்டி, இதுவரை 74.

இழையைத் தொடங்கியவர், வருகிற ஜனவரியில் கடைக்கு வரும் போலந்து ஆப்பிளில் எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறார். காம்பு இருக்கிறதா பாருங்கள். தோலை விரலால் தட்டினால் சத்தம் கெட்டியாக வர வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்று இருக்கிறது, ஆனால் அது உங்கள் கடைக்கு வராது. அந்த ராத்திரி தப்பிப் பிழைத்த பூவிலிருந்து வந்த பழத்தின் இடுப்பில் சொரசொரப்பாக ஒரு பழுப்பு வளையம் இருக்கும், அரைஞாண் கயிறு மாதிரி. உறைபனி தொட்ட இடம். ருசியில் ஒரு குறையும் இல்லை. தரம் பிரிக்கும் இயந்திரத்தின் கேமரா அதைக் கண்டதும் பக்கத்து வாய்க்காலில் தள்ளிவிடும், நேராக ஜூஸ் ஆலை. இன்று ஷிஃப்ட் முடிந்து வரும்போது அதில் ஒரு பை எடுத்துவந்தேன். பாட்டி தோல் சீவிக்கொண்டிருக்கிறார், வளையத்தின் மேல் மட்டும் கத்தி நின்று நின்று போகிறது.